சிமெண்ட்தான் அறிவியல் என்று யார் சொன்னது?

கொச்சியின் மட்டாஞ்சேரியில் பழைய வீடு ஒன்றையோ சரக்குக் கிடங்கு ஒன்றையோ பழுதுபார்க்க வேண்டும் என்று பேச்செடுத்தால் போதும், பதில் தயாராக வந்துவிடும். "சுண்ணாம்புக் கட்டடம், இதுக்கு ஆயுசு முடிஞ்சிடுச்சு. பழைய பூச்சைக் கொத்திப் போட்டுட்டு சிமெண்ட் பூசுங்க. இல்லேன்னா இடிச்சிட்டு காங்கிரீட்ல கட்டுங்க, பக்காவா இருக்கும்." இதைச் சொல்பவர் கொத்தனாராக இருக்கலாம், ஒப்பந்தக்காரராக இருக்கலாம், பொறியியல் படித்த சொந்தக்காரராகவும் இருக்கலாம். ஆள் மாறினாலும் நம்பிக்கை ஒன்றுதான்: சுண்ணாம்பு பழைய பழக்கம், சிமெண்ட் அறிவியல். இதோடு இன்னொரு நம்பிக்கையும் ஒட்டிக்கொண்டு வருகிறது. கட்டடத் துறையில் அறிவியல் வளர்கிறது என்றால் கடைக்குப் புதிய சரக்கு வருகிறது என்று பொருள். நேற்று சிமெண்ட், இன்று ரசாயன நீர்த்தடுப்புப் பூச்சு, நாளை வீட்டையே அச்சடிக்கும் இயந்திரம். ஒவ்வொன்று வரும்போதும் முந்தையதைத் தூக்கிப் போடுவதே முன்னேற்றம்.

இரண்டு நம்பிக்கையுமே தவறு. பழமைமேல் உள்ள பாசத்தால் இதைச் சொல்லவில்லை. கடந்த பதினைந்து ஆண்டுகளில் ஆய்வுக்கூடங்களிலிருந்து வந்திருக்கும் முடிவுகளைப் படித்துவிட்டுச் சொல்கிறேன். அறிவியலின் பெயரால், அறிவியல் சொல்லாத ஒன்றை ஊர் முழுக்கச் செய்துகொண்டிருக்கிறோம். அதற்கு விலையாகப் போவது நூற்றாண்டுகள் நின்ற சுவர்கள்.

முதலில் சுவரைப் பார்ப்போம். பஜார் ரோட்டில் மிளகும் சுக்கும் அடுக்கிய பழைய கிடங்குகளின் சுவர்கள் பெரும்பாலும் செம்புரைக்கல். பூமியிலிருந்து வெட்டும்போது மெத்தென்று இருந்து, காற்றுப் பட்டதும் கெட்டிப்படும் கல் அது, உடம்பெல்லாம் நுண்துளை. அதைச் சுண்ணாம்புச் சாந்தில் அடுக்கி, சுண்ணாம்புக் காரையே பூசினார்கள். இந்தப் பக்கத்தில் சுண்ணாம்புக்குக் கல் தேட வேண்டியதில்லை; வேம்பநாட்டுக் காயலின் கக்காத் தோட்டைச் சூளையில் சுட்டால் போதும். இன்று இப்படிப்பட்ட சுவர்களில் தரையிலிருந்து நெஞ்சளவு வரை சிமெண்ட் பூசியிருப்பதைச் சாதாரணமாகப் பார்க்கலாம். பக்கத்தில் போய் விரலை மடக்கித் தட்டினால் உள்ளே பொள்ளலாகச் சத்தம் கேட்கும். சிமெண்ட் முடிகிற விளிம்புக்குச் சற்று மேலே வெள்ளை வெள்ளையாக உப்பு பூத்திருக்கும். ஒரு ஓரத்தைப் பெயர்த்தால் பூச்சு தனியாக வராது. கல்லின் முகத்தையும் பட்டையாக உரித்துக்கொண்டு வரும், உள்ளே கல் செம்பொடியாக உதிரும். அதற்கு மேலே யாரும் கை வைக்காமல் விட்ட பழைய காரை, பாசி படிந்து நிறம் மங்கிப் போயிருந்தாலும், கல்லைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கும்.

இதற்கான காரணத்தைப் பள்ளிப் பாடத்தில் படித்த நுண்துளை ஏற்றத்தைக் கொண்டே விளக்கிவிடலாம். மட்டாஞ்சேரி காயலோரத்துத் தாழ்நிலம். நிலத்தடி நீர் கொஞ்சம் தோண்டினாலே எட்டிப் பார்க்கும், அதில் உப்பும் கலந்திருக்கும். ஆண்டுக்கு ஏறத்தாழ 3000 மில்லிமீட்டர் மழை வேறு. அந்த நீர் செம்புரைக்கல்லின் துளைகள் வழியே மேலே ஏறுகிறது. ஓதம் காப்பது என்று நாம் சொல்வது இதைத்தான். சுண்ணாம்புக் காரையும் நுண்துளை கொண்டது; ஏறிய ஈரம் அதன் வழியே ஆவியாகிப் போய்விடும். உப்பு காரையின் மேல்பரப்பில் படியும். நாளடைவில் காரை பொரிந்தால், அதைச் சுரண்டிவிட்டுப் புதிதாகப் பூசலாம், கல்லுக்குச் சேதமில்லை. சிமெண்ட் பூச்சோ அடர்த்தியானது, ஈரத்தை எளிதில் வெளியே விடாது. வழி அடைபட்ட ஈரம் இன்னும் உயரத்துக்கு ஏறும். உப்பு பூச்சுக்குப் பின்னால், கல்லின் துளைகளுக்குள்ளேயே படிகமாகும். படிகம் வளர வளரக் கல்லின் முகம் உடையும். போதாக்குறைக்குச் சிமெண்ட்டே கரையக்கூடிய உப்புகளைச் சுவருக்குள் கொண்டுவருகிறது. ஓதம் காக்கிறதே என்று சிமெண்ட் பூசுகிறோம். அந்தப் பூச்சுதான் ஓதத்தைச் சுவருக்குள் பூட்டி வைக்கிறது.

"ஆனால் சிமெண்ட் வலுவானது அல்லவா?" என்று கேட்பார்கள். வலுவானதுதான், சந்தேகமே இல்லை. எதற்கு அவ்வளவு வலு என்பதே கேள்வி. ஓட்டுக் கூரை போட்ட இரண்டு மாடிக் கட்டடத்தின் தடித்த சுவரில் வரும் அழுத்தம் மிகக் குறைவு. சுண்ணாம்புச் சாந்து அதைத் தாராளமாகத் தாங்கும். சாந்து கல்லைவிட மெலிந்ததாக இருக்க வேண்டும் என்பது பழங்கட்டடப் பராமரிப்பின் அடிப்படை விதி. சுவர் கொஞ்சம் அசைந்தாலோ, வெயிலில் விரிந்து மழையில் சுருங்கினாலோ, அந்த அசைவைச் சாந்து வாங்கிக்கொள்ள வேண்டும். சாந்து கல்லைவிடக் கடினமாகிவிட்டால் விரிசல் கல்லில் விழும். சாந்தை மாற்றலாம், கல்லை மாற்ற முடியாது. மூட்டையில் அச்சிட்ட வலிமை எண்ணை மட்டும் பார்த்துச் சரக்கு வாங்குகிறவர், எந்தச் சுவருக்கு வாங்குகிறோம் என்பதைப் பார்க்கவில்லை.

அடுத்தது, பழசு என்றால் அறிவியல் இல்லாதது என்ற எண்ணம். இதைத்தான் அண்மைக்கால ஆய்வுகள் நேரடியாகத் தகர்த்திருக்கின்றன. இரண்டாயிரம் ஆண்டு நிற்கும் ரோமானியக் கட்டுமானங்களில் வெள்ளை வெள்ளையாகச் சுண்ணாம்புக் கட்டிகள் காணப்படும். சரியாகக் கலக்காத வேலை என்றே நெடுங்காலம் எண்ணியிருந்தார்கள். 2023இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தைச் சேர்ந்த அத்மிர் மாசிச் குழு வெளியிட்ட ஆய்வு வேறு விளக்கத்தைத் தந்தது. நீற்றாத சுண்ணாம்பை அப்படியே சூடாகக் கலந்ததால் உண்டானவை அந்தக் கட்டிகள். விரிசல் விழுந்து தண்ணீர் உள்ளே போனால், கட்டியிலிருந்து சுண்ணாம்பு கரைந்து வந்து, மறுபடி படிகமாகி விரிசலை அடைக்கிறது. அரை மில்லிமீட்டர் விரிசல் விட்டு அதில் தண்ணீர் ஓடவிட்டார்கள். சில வாரங்களில் நீரோட்டம் நின்றுவிட்டது. நீற்றாத சுண்ணாம்பு சேர்க்காத கலவையில் விரிசல் அடைபடவே இல்லை. அதற்கு முன்பே, 2017இல், மேரி ஜாக்சன் குழு ரோமானியத் துறைமுகக் கட்டுமானங்களை ஆராய்ந்து, எரிமலைச் சாம்பலும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவையில் கடல்நீர் ஊறியபோது அதைப் பிணைக்கும் புதிய கனிமங்கள் வளர்ந்திருப்பதைக் காட்டியது.

ரோமை விட்டுக் கிழக்கே வருவோம். சீனாவில் ஒட்டும் அரிசிக் கஞ்சியைச் சுண்ணாம்பில் சேர்த்துக் கோட்டைச் சுவர்களைக் கட்டினார்கள். 2010இல் ச்சேஜியாங் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் காரணத்தைக் கண்டறிந்தார்கள்: கஞ்சியிலுள்ள மாவுச்சத்தின் ஒரு கூறு சுண்ணாம்புப் படிகங்களைப் பெரிதாக வளரவிடாமல் நுணுக்கமாக, நெருக்கமாக அமையச் செய்கிறது. மாயா நாகரிகத்தின் கோப்பான் நகரத்துக் காரையில் மரப்பட்டைச் சாறு இதே போன்ற வேலையைச் செய்ததை 2023இல் கிரனாதா பல்கலைக்கழகக் குழு காட்டியது. நம் ஊர்க் கொத்தனார்கள் கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் ஊற்றிச் சுண்ணாம்பை ஊறவைத்ததும் இதே வகை அறிவுதான். வேலூர் வி.ஐ.டி. பல்கலைக்கழகத்தில் இப்படிப்பட்ட தாவரச் சேர்மானங்கள் சுண்ணாம்புச் சாந்தின் வலிமையையும் கெட்டிப்படும் விதத்தையும் எப்படி மாற்றுகின்றன என்று ஆண்டுக்கணக்காகச் சோதித்து வருகிறார்கள். கண்டங்கள் பல, கண்டுபிடிப்பு ஒன்று: சுண்ணாம்பு வேதியியல் நிறைந்த பொருள், அதை நாம் இப்போதுதான் புரிந்துகொள்ளத் தொடங்கியிருக்கிறோம். மட்டாஞ்சேரி அரண்மனையின் ராமாயண ஓவியங்களைச் சுமந்து நிற்பதும் சுண்ணாம்புப் பூச்சுதான். அறிவியல் ஆராய்ச்சி மேசைக்கு வந்துகொண்டிருக்கும் பொருளை அறிவியல் இல்லாதது என்று கொத்திக் குப்பையில் போடுவது எவ்வளவு பெரிய அறியாமை!

சிமெண்ட் ஒன்றும் நேற்றுப் பிறந்த புதுமை இல்லை. ஜோசப் ஆஸ்ப்டின் போர்ட்லாந்து சிமெண்டுக்குக் காப்புரிமை பெற்றது 1824இல். சுண்ணாம்புக்கும் சிமெண்டுக்கும் மூலப்பொருளில் கூடப் பகை இல்லை. கோட்டயத்தை அடுத்த நாட்டகத்தில் திருவாங்கூர் சிமெண்ட்ஸ் நிறுவனம் வெள்ளை சிமெண்ட் தயாரித்ததே அதே வேம்பநாட்டுத் தோட்டை எடுத்துத்தான். காங்கிரீட் என்றாலே நிரந்தரம் என்ற மயக்கத்தைக் கலைக்கக் கொச்சிக்காரர்கள் வெளியூர்ச் சான்று தேட வேண்டாம். பாலாரிவட்டம் மேம்பாலம் 2016 அக்டோபரில் திறக்கப்பட்டது, 2019 மே மாதத்தில் விரிசல்களால் மூடப்பட்டது; மேற்பகுதியைப் புதிதாகக் கட்டி 2021இல்தான் மறுபடி திறந்தார்கள். வைற்றிலாவுக்கு அருகே 2018இல் ஒப்படைக்கப்பட்ட சந்தர் குஞ்ச் குடியிருப்பில் இரண்டு கோபுரங்களை இடித்துக் கட்டச் சொல்லி 2025 பிப்ரவரியில் கேரள உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. சிமெண்ட் கெட்ட பொருள் என்பதற்காக இவற்றைச் சொல்லவில்லை. எந்தப் பொருளும் தன் பெயரால் மட்டும் ஆயுளைத் தந்துவிடாது; வடிவமைப்பும் வேலைத் தரமும் மேற்பார்வையும் தருவதுதான் ஆயுள். சுண்ணாம்புக் கட்டடத்தில் ஒரு விரிசல் வந்தால் பொருள்மீது பழி போடுகிறோம். காங்கிரீட்டில் வந்தால் ஆள்மீது பழி போடுகிறோம். இந்த ஓரவஞ்சனையை முதலில் நிறுத்த வேண்டும்.

"பழைய கட்டடங்களும்தான் விழுகின்றன" என்பது எதிர்த்தரப்பின் வலுவான வாதம். 2019 செப்டம்பர் மழையில் மட்டாஞ்சேரியின் கடவும்பாகம் யூதத் தொழுகைக்கூடத்தின் முன்பகுதி இடிந்து விழுந்தது. 16ஆம் நூற்றாண்டுக் கட்டடம். அதை விழவைத்தது எது? வழிபாடு நின்று, கிடங்காகிப் போய், பராமரிப்பில்லாமல் கிடந்த கட்டடம் அது. சுண்ணாம்புச் சுவர் கேட்பது இரண்டே: தலைமேல் ஒழுகாத கூரை, சில ஆண்டுக்கு ஒருமுறை வெள்ளையடிப்பு. இரண்டையும் மறுத்துவிட்டு அது விழுந்ததும் சுண்ணாம்பைக் குற்றம் சொல்வது நியாயமில்லை. அங்கிருந்து கொஞ்ச தூரத்தில், 1568இல் கட்டப்பட்ட பரதேசி தொழுகைக்கூடம் கவனிப்பு இருப்பதால் இன்றும் நிற்கிறது. ஒரே ஊர், ஒரே மழை, ஒரே காயல், வேறுபட்டது பராமரிப்பு.

எல்லாவற்றையும் சுண்ணாம்பில் கட்டுங்கள் என்று நான் சொல்லவில்லை. பத்து மாடிக் குடியிருப்புக்கும் பாலத்துக்கும் கம்பி போட்ட காங்கிரீட் வேண்டும். காயலில் கிடக்கும் தோட்டை நம்பிக் கேரளம் முழுவதும் வீடு கட்டவும் முடியாது. கட்டப் பார்த்தால் காயல்தான் அழியும். சுண்ணாம்பைச் சுடும்போதும் கரியமிலவாயு வெளியேறுகிறது; கெட்டிப்படும்போது அதில் ஒரு பங்கைக் காற்றிலிருந்து திரும்ப இழுத்துக்கொள்கிறது என்பது மட்டுமே ஆறுதல். ஆகவே காங்கிரீட் இருக்கும். எந்த சிமெண்டில் என்ற இடத்தில்தான் அறிவியல் உண்மையான மாற்றத்தைக் கொண்டுவந்திருக்கிறது.

உலகில் மனிதர்கள் வெளியிடும் கரியமிலவாயுவில் ஏறத்தாழ 8 சதவீதம் சிமெண்ட் தொழிலிலிருந்து வருகிறது. சுண்ணாம்புக்கல்லை 1450 டிகிரியில் சுட்டு, சிமெண்டின் மூலமான கிளிங்கர் ஆக்கும்போது, எரிபொருள் புகையைவிட அந்தக் கல்லே விடும் வாயு அதிகம். இதற்கு மாற்றாக வந்ததுதான் எல்சி3 எனப்படும் சுண்ணாம்புக்கல் – சுட்ட களிமண் சிமெண்ட். சுவிட்சர்லாந்தின் லோசான் தொழில்நுட்பக் கழகத்தின் கேரன் ஸ்கிரிவனர், கியூபாவின் பெர்னாண்டோ மார்ட்டிரேனா ஆகியோருடன் டெல்லி ஐ.ஐ.டி.யும் சென்னை ஐ.ஐ.டி.யும் சேர்ந்து வளர்த்தது. கிளிங்கரைப் பாதியாகக் குறைத்து, மீதிக்கு 30 சதவீதம் சுட்ட களிமண், 15 சதவீதம் அரைத்த சுண்ணாம்புக்கல், 5 சதவீதம் ஜிப்சம் என்பது வழக்கமான அளவு. களிமண்ணுக்கு 700 – 850 டிகிரி சூடு போதும். கரியமிலவாயு 40 சதவீதம் வரை குறையும். இந்தியத் தர நிர்ணய அமைவனம் 2023இல் இதற்கு ஐ.எஸ். 18189 என்ற தரத்தையே வகுத்துவிட்டது.

கொச்சிக்கு இதில் கூடுதல் பொருத்தம் உண்டு. எல்சி3 காங்கிரீட்டின் துளைகள் மிக நுண்ணியவை. கம்பியை அரிக்கும் குளோரைடு உப்பு அதற்குள் புகுவது சாதாரண சிமெண்டைவிட மிகவும் மெதுவாகவே நடக்கிறது. காயலோர அடித்தளத்துக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? இதற்குத் தேவையான கயோலின் களிமண் கேரளத்திலேயே, குண்டறையிலும் தோன்னய்க்கலிலும் கிடைக்கிறது. பீங்கானுக்கு வேண்டிய தூய தரம்கூடத் தேவையில்லை. அதே ஆய்வுகள் ஓர் எச்சரிக்கையும் தருகின்றன. காற்றிலுள்ள கரியமிலவாயு இதற்குள் புகும் வேகம் அதிகம், எனவே நீர் தெளித்து ஆற்றுவதில் சுணக்கம் கூடாது. நல்ல அறிவியல் இப்படித்தான் பேசும்: எங்கே நல்லது, எங்கே கவனம் வேண்டும் என்று இரண்டையும் சொல்லும். எல்லாவற்றுக்கும் இது ஒன்றே மருந்து என்று சொல்வது விளம்பரம்.

இந்த அளவுகோலைப் புதிய சரக்குகள் மேலும் வைத்துப் பார்க்க வேண்டும். 2023இல் திருவனந்தபுரத்தில், சென்னை ஐ.ஐ.டி. முன்னாள் மாணவர்கள் தொடங்கிய த்வஸ்தா நிறுவனம் கேரளத்தின் முதல் முப்பரிமாண அச்சுக் கட்டடத்தை எழுப்பியது. அதே ஆண்டு பெங்களூரில் இம்முறையில் ஓர் அஞ்சலகம் திறக்கப்பட்டது. வேகமும் அச்சுப்பலகை மிச்சமும் பாராட்டத்தக்கவை. ஆனால் குழாய் வழியே சீராக வழியவும் உடனே நிற்கவும் அந்தக் கலவைக்குப் பொதுவாகச் சாதாரண காங்கிரீட்டைவிட அதிக சிமெண்ட் பிடிக்கிறது. இயந்திரம் புதிதானதால் மட்டும் சுற்றுச்சூழல் கணக்கு மாறிவிடாது. ரசாயன நீர்த்தடுப்புப் பூச்சும் அப்படியே: மொட்டை மாடியில் மேலிருந்து வரும் மழைக்கு அது பொருந்தும், செம்புரைக்கல் சுவரில் கீழிருந்து ஏறும் ஓதத்துக்கு அதைப் பூசினால் சிமெண்ட் செய்த தீங்கையே அதிக விலைக்குச் செய்யும்.

மறுபக்கத்தில் சுண்ணாம்பு பக்தர்கள் சிலரும் இருக்கிறார்கள். முட்டை, வெல்லம், கடுக்காய் என்று எதையாவது ஊற்றினால் ஆயிரம் ஆண்டு நிற்கும் என்பவர்கள். அதையும் அறிவியல் ஏற்கவில்லை. சரியாக நீற்றாத சுண்ணாம்பு பூசிய பிறகு பொரியும்; சேர்மானம் அளவு மீறினால் காரை இறுகாமலே கிடக்கும். நம் பாட்டன் செய்தான் என்பது சோதனைக்கு விலக்கு தராது. சோதிக்கத் தகுதியான அறிவு அது என்பதே அதற்கு உரிய மரியாதை.

கடைசியாக ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது: ஆள் இல்லை, நேரம் இல்லை, செலவு அதிகம். இதைத்தான் உத்தியோகத்தில் இருப்பவர்கள் பெரிதாகச் சொல்வார்கள். ஆள் இல்லை என்பது இயற்கையாக நேர்ந்ததா? எஸ்டிமேட்டில் சுண்ணாம்பு வேலைக்கு இடம் இல்லாமல் போகப் போக, கொத்தனாரின் மகன் அதைக் கற்றுக்கொள்ளவில்லை. கற்றவர் இல்லாததால் எஸ்டிமேட்டில் எழுதுவதில்லை என்கிறோம். இந்த வட்டத்தை உடைக்க முடியும் என்பதைத் தமிழ்நாட்டுப் பொதுப்பணித்துறையே காட்டியிருக்கிறது. 2012 தீ விபத்தில் சிதைந்த சேப்பாக்கம் கலச மகாலையும், பாழடைந்து கிடந்த ஹுமாயூன் மகாலையும் அது சுண்ணாம்புக் கலவையிலேயே மீட்டுக் கட்டியது. விதிமுறை இல்லை என்பதும் சரியல்ல. கட்டடச் சுண்ணாம்புக்கு ஐ.எஸ். 712, சுண்ணாம்புப் பூச்சுக்கு ஐ.எஸ். 2394 ஆகியவை பல பத்தாண்டுகளாக அச்சில் இருக்கின்றன. செலவு என்றால் முழுக் கணக்கையும் போட வேண்டும். சிமெண்ட் பூச்சு சில மழைக்காலத்தில் பொரிந்து, மறுபடி கொத்தி, மறுபடி பூசி, ஒவ்வொரு முறையும் கல்லில் ஓர் அடுக்கை இழந்து, கடைசியில் சுவரையே இழக்கும் செலவை எந்த ஒப்பந்தப்புள்ளியிலும் யாரும் எழுதுவதில்லை.

ஆக, ஆய்வுகள் கட்டடத் தொழிலை மாற்ற வேண்டுமானால் முதலில் மாற வேண்டியது வேலை முறை. பழைய கட்டடத்தில் கை வைக்கும் முன் சுவரின் ஈரத்தையும் உப்பையும் சோதிப்பது கட்டாயமாக வேண்டும்; மருத்துவர் ரத்தம் பார்க்காமல் கத்தி எடுப்பதில்லை. செம்புரைக்கல் சுவருக்குச் சுண்ணாம்புப் பூச்சு, காயலோரக் காங்கிரீட்டுக்கு எல்சி3 என்று அரசின் விலைப்பட்டியலில் தனித்தனி இனமாக எழுத வேண்டும். பட்டியலில் இல்லாத வேலை எந்த ஊரிலும் நடக்காது. தொழிற்பயிற்சி நிலையங்களில் சுண்ணாம்பு நீற்றுவதும் காரை அரைப்பதும் பாடமாக வேண்டும்; பொறியியல் கல்லூரிகளில் பழங்கட்டடப் பராமரிப்பு விருப்பப் பாடமாக ஒதுங்கி நிற்கக் கூடாது. வீட்டுக்காரரும் தன் பங்குக்கு ஒரு கேள்வி கேட்கலாம்: "மேஸ்திரி, இந்த ஓதம் எங்கேயிருந்து வருது?" அதற்குப் பதில் தெரியாதவர் கையில் கொல்லறு கொடுக்கக் கூடாது.

மட்டாஞ்சேரியில் பல தலைமுறையாகத் தமிழ்க் குடும்பங்களும் வாழ்கின்றன; இந்தச் சுவர்களுக்குள் பிறந்து, இந்தக் கிடங்குகளில் மூட்டை சுமந்து, வியாபாரம் செய்து வளர்ந்தவர்கள். அவர்களுடைய வீடுகளும் இதே செம்புரைக்கல்லும் சுண்ணாம்பும்தான். அந்த வீடுகளுக்கு ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்லும் ஒவ்வொருவரிடமும் சான்று கேட்க நமக்கு உரிமை இருக்கிறது. எந்தச் சோதனை செய்தீர்கள், எந்த அளவீட்டைப் பார்த்தீர்கள், எந்தக் கல்லுக்கு எந்தச் சாந்தை, ஏன் பரிந்துரைக்கிறீர்கள் என்று கேட்போம். விடை இல்லாதவரை, சிமெண்ட் மூட்டையைச் சுமந்து வருகிறார் என்பதற்காக மட்டும் அவர் பக்கம் அறிவியல் நிற்கிறது என்று ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை.